நரிப் படத்தின் கீழ் ஓரம்

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் நரி இல்லை. ஆணி இருந்தது, ஆணிக்குக் கீழே வெளுத்த சதுரம் இருந்தது, கழற்றிப்போட்ட சட்டமும் கண்ணாடியும் சுவரோரம் சாய்ந்திருந்தன. ரோகிணி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"லோகநாயகி அக்கா, படம் எங்க?"

"எங்க வூட்டுக்காருதான் எத்துகினு போய்க்கீறாரு மேடம். நேத்து நீங்க சொன்னீங்கல்ல, லேசுப்பட்ட படம் இல்ல, பத்திரமா வெச்சுக்குங்கன்னு? அதான் லேமினேஷன் போட செங்கல்பட்டு போய்க்கீறாரு."

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. ரேஷன் கார்டு, மார்க் ஷீட், ஜாதகம், கல்யாண போட்டோ என்று வீட்டில் எந்தத் தாள் மேல் பாசம் இருந்ததோ அது அத்தனையும் பிளாஸ்டிக்குக்குள் போய்க்கொண்டிருந்த காலம். பழைய காகிதங்களைப் பற்றிப் பத்து வருஷம் படித்த ரோகிணிக்கு இந்த ஒரு சங்கதி மட்டும் தோன்றவில்லை. பத்திரமா வைங்க என்று சொன்ன வாயால் லேமினேஷன் போடாதீங்க என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

இந்த நரி மாதிரி இருபத்திரண்டு படங்கள் வெளிநாட்டு மியூசியங்களில் இருக்கின்றன. மரநாய், தேவாங்கு, எறும்புதின்னி, புள்ளிமான். கும்பினிக் காலத்தில் ஒரு துரை, தான் பிடித்துவைத்த காட்டு மிருகங்களை அளவெடுத்து எழுதச் சொன்ன படங்கள். துரை பெயர் பெரிதாக இருக்கும். வரைந்தவருக்கு 'பெயர் தெரியாத உள்ளூர் ஓவியர்'. துரைக்கு வேண்டியது பல்லும் வாலும் நகமும்தான். இந்த ஓவியரோ கயிறு அறுத்து மயிர் கொட்டிப்போன கழுத்தையும் விடாமல் எழுதியிருந்தார். நகலெடுக்கும் கைக்கு அந்தக் கழுத்து கண்ணிலேயே பட்டிருக்காது. ரோகிணி ஆறு வருஷமாக அந்த ஓவியரின் பெயரைத் தேடி அலைந்தாள்.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில், செங்கல்வராயன் என்கிற விவசாயி வீட்டில், காலையில் நரி முகத்தில் விழித்தால் நல்லதென்று மாட்டிவைத்த, அதே கை எழுதிய நரி தொங்குகிறது என்று கேள்விப்பட்டு நேற்றுச் சாயங்காலம் வந்திருந்தாள். சட்டத்தின் கீழ் விளிம்புக்கு மேலே தமிழ் எழுத்துகளின் தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மிச்சம் சட்டத்துக்குள். இருட்டத் தொடங்கியதால், நாளை பகலில் பக்குவமாகக் கழற்றிப் பார்க்கலாம் என்று போனதுதான் அவள் செய்த புத்திசாலித்தனம்.

"எந்தக் கடைக்கா?"

"பஸ் ஸ்டாண்டாண்ட எதுனா ஒரு கடைல கேட்டுப் பாருங்க. அவரு போய் ரெண்டு மணி நேரம் ஆவுது."

பஸ் என்னவோ வழியெல்லாம் நின்று நின்று ஆளை ஏற்றியது. கண்டக்டர் மேலும் கோபம், டிரைவர் மேலும் கோபம், கூடையோடு நிதானமாக ஏறிய கிழவர் மேலும் கோபம். சூடான உருளைகளுக்கு நடுவே அந்தத் தாள் போவதும், உருகிய பிளாஸ்டிக் நரியின் ஒவ்வொரு மயிரிலும் ஒட்டிக்கொள்வதும் கண்முன் ஓடிக்கொண்டே இருந்தது. ஒட்டினால் ஒட்டினதுதான். பிறகு பிரித்தெடுக்க எந்தக் கொம்பனாலும் ஆகாது.

மூன்றாவது ஜெராக்ஸ் கடையில் செங்கல்வராயன் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், இங்க வந்துகீறீங்க? காலைலேர்ந்து கரண்ட் இல்ல. ஒரே பேஜாரு."

கவுன்டர் மேல் நரி கிடந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் செருகியிருந்தது, ஆனால் மிஷினுக்குள் போகவில்லை. ரோகிணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உறையிலிருந்து தாளை மெல்ல உருவினாள். காது, கழுத்து, தூக்கிய முன்னங்கால், எல்லாம் இருந்தன. கீழே பார்த்தாள். ஓரம் புதுசாக, நேராக இருந்தது.

"யாரு வெட்டினது இதை?"

"நான்தான் மேடம்" என்றான் கடைக்காரன் பன்னீர்செல்வம், சந்தோஷமாகவே. "பவுச்சுல அடங்கல. அடிப்பக்கம் ஒரே கறை வேற. நூல் புடிச்ச மாதிரி வெட்டிக்கீறேன் பாருங்க."

அவனை அறைந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கவுன்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டின துண்டு எங்க?"

"வெட்டுத்துண்டெல்லாம் சாக்குல போட்டு வெப்போம். பக்கத்து பஜ்ஜிக் கடைக்காரம்மா அடுப்பு பத்த வெக்க எத்துகினு போவாங்க. இப்பத்தான்..."

அவன் முடிக்குமுன் ரோகிணி தெருவில் இருந்தாள். பஜ்ஜிக் கடையில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கடைக்காரம்மா சாக்கிலிருந்து கைநிறையத் தாளை அள்ளி விறகுக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். ரோகிணி சாக்கைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். வெள்ளைத் துண்டுகள், ஜெராக்ஸ் துண்டுகள், பாஸ்போர்ட் போட்டோ ஓரங்கள். பழுப்பில் ஒன்றுகூட இல்லை.

"தோ, அங்க!" என்று கத்தினார் பின்னாலேயே ஓடிவந்த செங்கல்வராயன். அடுப்புக்குள், ஒரு விறகின் மேல், பழுப்புநிற நீளத்துண்டு சுருள ஆரம்பித்திருந்தது. ரோகிணி இடுக்கி தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவர் எதையும் தேடவில்லை. கையை விட்டார், உருவினார், உதறி மிதித்து அணைத்தார்.

"யோவ், கைய்யா!" என்று அலறி, கடைக்காரம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். அவர் விரல்களை அதில் விட்டுக்கொண்டு பல்லைக் கடித்தார்.

ரோகிணி பெஞ்சில் உட்கார்ந்து துண்டை மடியில் விரித்தாள். ஒரு முனை கரி. மற்றது தப்பியிருந்தது. கொஞ்சம் கிறுக்கலான, புள்ளி வைக்காத பழைய எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். நரி, உயிரோடு பார்த்து எழுதினது, சின்னப்பொண்ணு.

இருபத்திரண்டு படங்கள். அவள் எழுதிய ஆறு கட்டுரைகளிலும் அந்த ஓவியருக்கு மனைவி மக்களெல்லாம் கொடுத்திருந்தாள். துரையிடம் வேலைக்கு வந்த இளைஞன் என்று வயதுகூட ஊகித்திருந்தாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது, கண்ணில் நீர் முட்டியது.

"இன்னா மேடம், யாருன்னு போட்டுகீது?"

சொன்னாள். அவர் சொம்பிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எங்க அக்கா பேரும் அதான். எங்க அத்தைக்கும் அதான். எங்க வூட்ல மொதல்ல பொறக்குற பொண்ணுக்கு அந்தப் பேருதான் வெப்பாங்க. ஏன்னு யாருக்கும் தெரியாது."

"உங்க குடும்பத்துல முன்னாடி யார் யார் இருந்தாங்கன்னு நேத்து ஒரு மணி நேரம் உக்காந்து கேட்டேனே, அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க ஆம்பளைங்க பேரத்தானே மேடம் கேட்டீங்க?"