சகலை மாட்டிய மூடி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், பிறகு வாய் திறக்கும், மூளை கடைசியாகத்தான் வந்து சேரும். இருபத்திரண்டு வருடமாகத் தச்சு வேலை பார்க்கிறேன். மரத்தை அவசரப்படுத்தக் கூடாது என்று அது எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது, வாயை மட்டும் அதனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

என் சகலை எனக்கு நேர் எதிர். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். கடைத்தெரு முனையில் டிரில், கிரைண்டர், மரம் அறுக்கும் மிஷின் எல்லாம் பழுது பார்க்கிறான். நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. சுவர் முழுக்க ஆணியில் மிஷின்கள் தொங்கும், ஒவ்வொன்றின் ஒயரிலும் யாருடையது என்று எழுதிய அட்டை கட்டியிருக்கும். நான் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒன்று பேசுவான், அதையும் யோசித்துவிட்டுத்தான். சகலையைச் சீண்டாமல் இருந்தால் அப்புறம் என்ன சகலை என்று நான் விடாமல் வம்பிழுப்பேன். அவன் சிரித்துக்கொண்டே ஸ்குரூ திருகுவான்.

கட்டட வேலைக்காரர்கள் அவனுக்கு 'மூடிக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காரணம் இதுதான். கையில் பிடித்து இரும்பும் டைல்ஸும் அறுக்கும் கிரைண்டரில், சுற்றும் சக்கரத்துக்கு மேல் பாதி வட்டமாக ஓர் இரும்பு மூடி இருக்கும். சக்கரத்துக்கும் பிடித்திருப்பவனுக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். புது மிஷின் வாங்கியதும் நாங்கள் செய்யும் முதல் வேலை அதைக் கழற்றி எறிவது. மறைக்கிறது, இண்டு இடுக்கில் நுழையவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். உண்மையில், மூடியோடு வேலை செய்கிறவனைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். என் சகலையோ பழுதுக்கு வரும் கிரைண்டர் எதையும் மூடி இல்லாமல் திருப்பித் தந்ததில்லை. பழைய மிஷின்களிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் மூடியில் பொருந்துவதைத் தேடி மாட்டிவிடுவான். அதற்குத் தனியாக ஒரு காசும் வாங்குவதில்லை.

என் கிரைண்டர் தீப்பொறி கக்க ஆரம்பித்தபோது அவனிடம்தான் கொடுத்தேன். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் தேய்ந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றான். கூடவே என்ன வேலைக்கு என்று கேட்டான். கதவு நிலைக்கால் அடியை அறுக்க என்றேன்.

மூன்று மாடிக் கட்டடம். பதினான்கு நிலைகளை நான் ஏற்கெனவே நிறுத்தி முடித்திருந்தேன். அதன் பிறகு, தரைக்குத் தடிமனான டைல்ஸ் போடுவதாக வீட்டுக்காரர் மனம் மாறிவிட்டார். டைல்ஸ் உள்ளே நுழைய வேண்டுமென்றால் ஒவ்வொரு நிலைக்காலின் அடியிலும் விரல் தடிமனுக்கு மரத்தை அறுத்து எடுக்க வேண்டும். நிறுத்திய நிலையில், சுவர் ஓரத்தில், தரையோடு தரையாக. பெரிய மிஷின் அங்கே போகாது. கைரம்பம் என்றால் நாள் கணக்கில் ஆகும். அதனால் எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி, கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டிக்கொள்வது. கிரைண்டரின் வேகத்துக்குச் செய்த பிளேடு இல்லை அது. அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் செய்வோம்.

மறுநாள் காலை மிஷினை வாங்கிக்கொண்டு நேராகக் கட்டடத்துக்குப் போனேன். டைல்ஸ்காரர் பசையைக் கலக்கி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். பையிலிருந்து மிஷினை எடுத்தால் அதில் மூடி இருந்தது. எனக்கு மட்டும் மாட்ட மாட்டான் என்று நினைத்திருந்தேன். எனக்குக் காது சூடானது.

கழற்றலாம் என்று பார்த்தால், இறுக்கும் ஸ்குரூவின் தலையைச் சகலை அரத்தால் ராவி மொழுக்கென்று ஆக்கி வைத்திருந்தான். ஸ்குரூடிரைவர் பிடிக்கவில்லை. குறடு வழுக்கியது. டைல்ஸ்காரர் சும்மா இருப்பாரா?

"என்ன மேஸ்திரி, உங்க சகலை உங்களுக்கும் மூடி போட்டுட்டாரா?"

நாலு பேர் சிரித்தார்கள். நான் போனை எடுத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினேன். யாரைக் கேட்டு மாட்டினாய் என்றேன், என் மிஷினில் உனக்கென்ன வேலை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீ பயந்தாங்கொள்ளி. அதனாலதான் கடைக்குள்ள உக்காந்து கார்பன் மாத்திக்கிட்டு இருக்கே. எங்களையும் உன்னை மாதிரி ஆக்கப் பாக்காதே."

அந்தப் பக்கம் ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி சகலை. அந்த வேலைக்கு வேற மிஷின் இருக்கு, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. இதுல பண்ணாதீங்க," என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

பசை இறுகுகிறது என்று டைல்ஸ்காரர் முணுமுணுத்தார். வேறு வழியில்லாமல் மூடியோடேயே பல் பிளேடை மாட்டி, தரையில் ஒருக்களித்துப் படுத்து ஆரம்பித்தேன். முதல் நிலை சுலபமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூடியால் ஒரு தொந்தரவும் இல்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் இடதுகைக்காரன். யாருடைய மிஷினை வாங்கினாலும் எல்லாம் வலதுகைக்காரனுக்காகவே திரும்பியிருக்கும். இதில் மூடி என் இடது கைக்கு ஏற்ற பக்கமாகத் திருப்பி இறுக்கப்பட்டிருந்தது, பக்கத்துக் கைப்பிடியும் மாறியிருந்தது. அன்றைக்கு நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். கை வசதியாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

மூன்றாவது நிலைக்காலில் ஓர் ஆணி இருந்தது. வேறு யாரும் அடித்ததில்லை. நிலை நிறுத்திய அன்று அடி நகராமல் இருக்க நானே சாய்வாக அடித்துவிட்டு, தலையை உள்ளே இறக்கி மறந்துபோன ஆணி.

பிளேடின் பல் அதில் பட்டதும் மிஷின் என் கையை மீறிக்கொண்டு எகிறியது. சத்தம் கேட்டதா, கை உதறியதா, எது முதலில் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. மிஷின் என் நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி மணிக்கட்டில் மோதி, தரையில் விழுந்து துள்ளியது. யாரோ ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்கள். நான் எழுந்து உட்கார்ந்து இடது கையைப் பார்த்தேன். பார்க்கவே பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன. மணிக்கட்டில் மூடி இடித்த இடம் சிவந்து தடித்திருந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

மிஷினைத் திருப்பிப் பார்த்தோம். பிளேடில் இரண்டு பல்லைக் காணவில்லை. மூடியின் உள்பக்கத்தில் மூன்று ஆழமான வெட்டு. ஒன்று இரும்பைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்தது. என் மணிக்கட்டில் மோதியது அதற்குப் பக்கத்து இடம்தான். அந்த இரும்பு மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என் மணிக்கட்டு இருந்திருக்காது. ஐந்து பேர் சாப்பிடுகிற வீடு எங்களுடையது. அத்தனை பேரும் சாப்பிடுவது இந்தக் கையால்.

மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்கு நடந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். கடை வாசலில் அத்தனையும் மறந்துபோனது. மிஷினை மேஜை மேல் வைத்தேன். சகலை மூடியைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"காலைல நான் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு," என்றேன். "இந்தக் கை இருக்குன்னா அது உன்னாலதான். நான் வாழ்நாள் முழுக்க உனக்கு நன்றி சொன்னாலும் போதாது."

அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தான். ஆறு வருடமாக மூடி மாட்டித் தருகிறானாம். திட்டுவதற்குப் போன் வரும், கழற்றித் தரச் சொல்லி நேரிலும் வருவார்கள், மூடியை முகத்துக்கு நேரே வீசிவிட்டுப் போனவர்களும் உண்டாம். நன்றி சொல்ல யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான், நீங்கள்தான் முதல் ஆள் என்றான். பிறகு எதற்கு விடாமல் செய்கிறாய் என்று கேட்டேன். இந்த முறையும் யோசித்துவிட்டுத்தான் சொன்னான்.

"சில மிஷின் பழுதுக்கு வராது சகலை, விக்க வரும். கொண்டு வர்றது வீட்டம்மாவா இருக்கும். நல்லா ஓடுற மிஷினா இருக்கும். ஏம்மா விக்கறீங்கன்னு முதல் தடவ கேட்டேன். அப்புறம் யாரையும் கேக்கறதில்ல."

அந்தக் கடையில் என் மனைவி வந்து நிற்பதை நான் நினைத்துப் பார்த்தேன். தன் தங்கை புருஷனிடமே என் மிஷினைக் கொடுத்து விற்கச் சொல்வதை நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கடை சின்னது என்பதால் ஒரு டிரில் கீழே விழுந்தது.

அவன் சொன்ன வேறு மிஷினையும் கையில் கொடுத்து அனுப்பினான். அதில் பிளேடு சுற்றாது, இருந்த இடத்திலேயே நடுங்கும். தரையோடு ஒட்டி வைத்தால் நிலைக்கால் அடியை மட்டும் சீவி எடுக்கும், ஆணி வந்தால் நின்று முனகும். ஆணியிருக்கிற இடத்துக்கு வேறு பிளேடு மாற்றிக்கொள்ள வேண்டுமாம், அதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான். மெதுவான மிஷின். மிச்ச நிலைகளை முடிக்க மறுநாள் மதியம் வரை ஆனது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் டீ குடிக்க உட்கார்ந்தபோது எல்லோரிடமும் சொன்னேன். கோபத்தில் எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ அதே சத்தத்தில் சொன்னேன். சகலையிடம் நான் பேசிய பேச்சு, அவன் சொன்ன பதில், விற்க வரும் மிஷின்கள், எதையும் விடவில்லை. நேற்று சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பெயின்டர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, தன்னுடைய புது மிஷினின் மூடியைப் போன மாதம்தான் கழற்றி எறிந்ததாக ஒப்புக்கொண்டார்.

டைல்ஸ்காரர் எழுந்து போய்த் தன் கிரைண்டரை எடுத்து வந்தார். ஆறேழு மாதத்துக்கு முன்பு என் சகலையிடம் பழுது பார்த்த மிஷின், அவராலும் கழற்ற முடியாமல் போன மூடி. கொஞ்ச நாள் முன்பு டைல்ஸ் அறுக்கும்போது டிஸ்க் ஒன்று துண்டாக உடைந்ததாம். தன் நல்ல நேரம், மேலே படவில்லை என்று நினைத்துப் புது டிஸ்கை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாராம். இப்போது மிஷினைக் கவிழ்த்து, மூடியின் உள்ளே அப்பியிருந்த தூசியைக் கட்டைவிரலால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு தெரிந்தது. எங்கள் எல்லோருக்கும் காட்டினார்.

"மேஸ்திரி," என்றார். "உங்க சகலை கடையை எத்தனை மணிக்குச் சாத்துவாரு?"