நாற்பது நிமிட வசவு

கை நடுக்கத்துக்கான அந்த மருந்தைத் தயாரிக்க, வாழைப்பழத் தோலை எரித்த சாம்பல் இரண்டு கிராம், குழாய்த் தண்ணீர் அரை லிட்டர், மனமார்ந்த வசவு நாற்பது நிமிடம் தேவைப்பட்டது. அதற்கு முன்பு அதே மருந்தை ஒன்பது படிகளில், மூக்கைத் துளைக்கும் கரைப்பான்களில் போட்டு, இரண்டு நாள் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கரண்டி மருந்துக்கு ஒரு பீப்பாய் விஷக் கழிவு மிஞ்சியது. அதை எங்கே கொட்டுவது என்று கேட்டால் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிக்காரி பிடிவாதத்தில் கழுதையையும் தோற்கடிப்பவள். கொதிக்கவும் வேண்டாம், கரைப்பானும் வேண்டாம், மூலப்பொருளோடு தண்ணீரும் சாம்பலும் போதும் என்று குடுவையைச் சுழலவிட்டாள். இருபது நாள் சுழன்றது. சாம்பல் தண்ணீர் சாம்பல் தண்ணீராகவே இருந்தது. பேராசிரியர் தினமும் எட்டிப் பார்த்து, இது பாத்திரம் தேய்க்கக்கூட உதவாது என்று திருவாய் மலர்ந்துவிட்டுப் போனார்.

இருபத்தோராம் நாள் காலை, அங்கே கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் அக்கா அந்தக் குடுவையைக் கழுவக் கேட்டு வந்தாள். அக்காவின் கணவர் ஒரு கிளினிக்கில் ஊசி போடும் கம்பவுண்டர். இரண்டு வருஷமாக அவருக்குக் கை நடுக்கம். ஒரே ஊசியில் ஒருவருக்கு மூன்று ஓட்டை போட்டுவிட்டு, நாலாவதை நாற்காலியில் போட்டார். அதன் பிறகு அவரைக் கண்டதுமே நோயாளிகள் குணமாகி எழுந்து போனார்கள். டோக்கன் கொடுக்க உட்கார்த்தி வைத்தார்கள். டோக்கன்கள் தரையெல்லாம் இறைந்தன. அன்று காலை அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டதில் பஸ்ஸைத் தவறவிட்ட அக்கா, குடுவை இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். “இருபது நாளா சுத்துறியே, என்னத்தைக் கிழிச்சே? சொரணை இருக்கா உனக்கு?” என்று தொடங்கினாள். குடுவையில் ஆரம்பித்த வசவு கணவரிடம் போய், மாமியாரைத் தொட்டு, பஸ் டிரைவர் வழியாகத் திரும்பி வந்தது. நாற்பதாவது நிமிடத்தில் குடுவையின் அடியில் வெள்ளை வெளேரென்று படிகம் இறங்கியிருந்தது. சோதித்தார்கள். சுத்தமான மருந்து.

சுற்றுச்சூழலைக் கெடுக்காத வேதியியலுக்குப் பன்னிரண்டு விதிகள் உண்டு. ஆராய்ச்சிக்காரி பன்னிரண்டையும் எடுத்து வைத்துப் பார்த்தாள்; திட்டக்கூடாது என்று எதிலும் இல்லை. மூலப்பொருள் தீரத் தீர மறுபடி விளைய வேண்டும் என்கிற ஏழாவது விதிக்கு, ஒரே மனிதரோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளின் கோபத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அக்காவின் குரலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள், குடுவை மசியவில்லை. பேராசிரியருக்கு மாணவர்களைத் திட்டி முப்பது வருஷ அனுபவம் உண்டு என்பதால் அவரும் முயன்றார். கறுப்பாகத் தார் திரண்டது, குடுவையையே தூக்கி எறிய வேண்டியதாயிற்று. கட்டுரையில் உள்ளதை உள்ளபடி எழுதி ஓர் ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். வசவு கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று மட்டும் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். பெரும்பகுதி காற்றில், மிச்சம் பேராசிரியரிடம் என்று பதில் போயிற்று. அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

எலிகள், பிறகு மனிதர்கள் என்று சோதனைகள் நாலு வருஷம் நடந்தன. கம்பவுண்டரும் பேர் கொடுத்தார். வில்லை விழுங்கிய பதினோராம் நாள் அவர் கை நடுக்கம் நின்றது. கிளினிக்கில் மறுபடி ஊசியைப் பிடித்தார்; குத்தியதே தெரியாமல், ஊசியை எப்போது போடுவீர்கள் என்று நோயாளிகள் கேட்டார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பு அங்கேதான் நடந்தது. சிரித்த முகமாக வந்தாள், சிரித்துக்கொண்டே கழுவினாள், குடுவை முன்னால் நின்று எவ்வளவு முயன்றாலும் வாயில் நல்ல வார்த்தைதான் வந்தது. ஒரு துளி மருந்து இறங்கவில்லை. பழைய ஒன்பது படி வழியைக் கழிவுக்குப் பயந்து எப்போதோ மூடிவிட்டிருந்தார்கள். கம்பவுண்டரிடம் பதினேழு நாளுக்கான வில்லைதான் மிச்சம் இருந்தது.

ஊர் கூடி அவளுக்குக் கோபம் வரவைக்கப் பார்த்தது. பேராசிரியர் அவளுடைய பிரஷ்களை ஒளித்து வைத்தார். ஆராய்ச்சிக்காரி வேண்டுமென்றே தார் பிடித்த குடுவைகளாகப் பொறுக்கிப் போட்டாள். கம்பவுண்டர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார், குழாயைத் திறந்துவிட்டு வெளியே போனார், அவள் தம்பியைப் பற்றிக்கூடப் பேசினார். அக்கா எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, பாவம் என்று அவர் கன்னத்தைக் கிள்ளினாள். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம் போலிருந்தது. வில்லைகள் தீர்ந்தன. மூன்றாம் நாள் அவர் கையில் தம்ளர் மெல்ல ஆடத் தொடங்கியது.

அன்று பதினோரு மணிக்கு அவரே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அக்கா குடுவை முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, பழைய மனஸ்தாபங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

“விடும்மா. இத்தனை வருஷத்துல நீ இப்படிச் சிரிச்சு இப்பதான் பார்க்குறேன். எனக்கு மருந்து வேணாம். நீ சிரிச்சுகிட்டே இரு. கை ஆடினா ஆடட்டும்.”

அவர் மனதாரத்தான் சொன்னார். அக்கா கண்ணைத் திறந்தாள்.

“என்னய்யா சொன்னே? பெரிய தியாகி! உன்னை எவன்யா தியாகம் பண்ணச் சொன்னான்? உன் கையில தம்ளர் ஆடுறப்ப எனக்கு ஈரக்கொலையே ஆடுதே, அது தெரியுமா உனக்கு? நாளைக்குத் தொண்டையும் சேர்ந்து நடுங்கி, சோறு இறங்கலேன்னா, அப்புறம் நான் சுவத்தையா உட்கார வச்சுத் திட்டுறது? மரமண்டை!”

முதல் நிமிடத்திலேயே குடுவை வெளுத்தது. பக்கத்து மேஜையில் வேறொரு மருந்துக்காக ஆறு மாதமாக அசையாமல் கிடந்த இரண்டு குடுவைகளும், யாரும் கேட்காமலே, வேலையை முடித்துக்கொண்டன. நாற்பது நிமிடம் போதும் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை; இரண்டரை மணி நேரம் திட்டினாள். கம்பவுண்டர் தலை குனிந்து நின்று, நடுவில் ஒரு முறை அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்; பாதி சிந்தியது, அதற்கும் வாங்கிக்கொண்டார். ஆராய்ச்சிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே எடை போட்டாள். எதிர்பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

அதிலிருந்து மாதம் ஒரு முறை அவர் வந்து எனக்கு வேண்டாம் என்று சொல்வது வழக்கமாயிற்று. பழகிப்போய்விடும் என்று பேராசிரியர் சொன்னார். பழகவில்லை, ஒவ்வொரு தடவையும் அவர் மனதாரத்தான் சொன்னார், ஒவ்வொரு தடவையும் அவளால் தாங்க முடியவில்லை. மருந்து பல ஊர்களுக்குப் போயிற்று. வில்லை விழுங்கிய அரை மணி நேரத்துக்கு, ஒரு பெண் தங்களை அக்கறையாகத் திட்டுவது காதில் கேட்கிறது என்று சொன்னவர்கள் அதிகமாகவே, பக்கவிளைவுகளின் பட்டியலில் அது ஒன்பதாவதாகச் சேர்க்கப்பட்டது. தனியாக வசிப்பவர்கள் சிலர் நடுக்கம் நின்று வருஷங்கள் ஆன பிறகும் வில்லையை விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சாப்பிடுகிற நேரத்தில் வீட்டில் ஒரு குரல் இருந்தால் நல்லதுதானே என்றார்கள். மருத்துவர்களும் எழுதிக் கொடுத்தார்கள்.