பத்தொன்பதாம் எண் ஃபோல்டர்

பழைய கம்ப்யூட்டரிலிருந்து எல்லாம் வந்துருமா என்று மனைவி கேட்டதற்கு வரும் என்று சொல்லிவிட்டேன், வரும்தான், ஆனால் எல்லாம் என்றால் எது எல்லாம்... முதலில் மின்சாரத்தை நிறுத்து, வயர்களைப் பிடுங்கு, உடம்பிலிருக்கிற நிலைமின்சாரம் போகக் கையை இரும்பில் ஒருமுறை வைத்து எடு, பிறகு பக்கத்து மூடியின் திருகுகள், இதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன், எழுதாமல் எதையும் தொடுகிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கிடையாது. மூடியைக் கழற்றினால் உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கிறது, பெயிண்ட் பிரஷால் மெல்லத் தட்டி எடுக்கிறேன், பதினாறு வருஷத்துத் தூசி, இதில் என் மகன் தலைமுடிகூட ஒன்றிரண்டு இருக்கும். கம்ப்யூட்டர் கடைக்காரம்மா போனில் சிரித்தாள், "சார், உங்க மெஷினும் என் பொண்ணும் ஒரே வயசு, அவ ப்ளஸ் டூவே படிக்கப் போறா, நீங்க இன்னும் இதுக்கு ராம் தேடுறீங்க." தேடித்தான் கொடுத்தாள், பழைய ரகத்தில் இரண்டு ராம் நினைவகப் பட்டை, புதிதாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க், கூடவே ஒரு எச்சரிக்கை, "பழைய டிஸ்க் டக் டக்னு சத்தம் போடுதுன்னா நாள் எண்ணிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கோங்க. அப்படியே தூக்கிப் போட்டீங்கன்னா குப்பையும் சேர்ந்து வரும்." வேணுங்கறதை மட்டும். அதற்கும் ஒரு பட்டியல் போட்டேன்.

ராமின் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் துடைத்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்தி... இந்தக் க்ளிக் சத்தத்துக்காக எவ்வளவு பயம், உடைந்துவிடுமோ என்று. இயந்திரம் வந்த முதல் நாளும் இப்படித்தான், யாரும் தொடவே கூடாது என்று நான் உத்தரவு போட, பழைய திரைச்சீலையில் அவள் உறை தைக்க, பதின்மூன்று வயதில் அவன் மட்டும் பயமே இல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். என் கடிதங்களை நான் சொல்லச் சொல்ல அவன்தான் தட்டுவான். குடிநீர் அலுவலகத்துக்கு மூன்றாவது நினைவூட்டல், "அப்பா, பக்கம் முழுக்கத் திட்டிட்டு கடைசியில எதுக்குப்பா 'பணிவுடன்'?" அது மரியாதைடா என்றேன், "அப்ப மேல இருக்கறதெல்லாம் என்ன?" என்றான், சமையலறையில் அவள் சிரித்துவிட்டாள், நானும்தான், ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டு, அவன் பார்க்காதபடி. ஏன் அவன் பார்க்காதபடி?

பவர் போட்டால் திரை கறுப்பு, நீளமாக மூன்று பீப். ராம் சரியாக உட்காரவில்லை. மறுபடி கழற்றி, மறுபடி அழுத்தி, இப்போது திரையில் வெளிச்சம், கடையிலேயே விண்டோஸ் ஏற்றிக் கொடுத்த புதிய டிஸ்கில் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கிறது, முன்பு இதற்குள் நான் காப்பி போட்டுக் குடித்து டம்ளரும் கழுவி வைத்திருப்பேன். பழைய டிஸ்கை இரண்டாவதாக மாட்டினேன், டக், டக். பட்டியல்படி ஒன்று, அலுவலகக் கடிதங்கள். இரண்டு, உறவினர் கடிதங்கள். மூன்று, வீட்டு வரி. ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததும் பென்சிலால் ஒரு டிக். பதினேழு, பதினெட்டு, இருபது. பத்தொன்பதை எழுதவில்லை. மறந்துவிட்டது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், என்னிடமே சொல்ல முடியாது, எண் போட்டு அடுக்குகிறவனுக்கு ஓர் எண் எப்படி மறக்கும்? பத்தொன்பது, பல்வகை. எங்கேயும் சேராததைப் போடுகிற இடம்.

அவனுக்கு அப்போது பதினெட்டு. தலைமை அலுவலகத்துக்கு என் இடமாற்றம் பற்றிய கடிதம், நான்கு பக்கம், சேமிக்கப் போனால் இடமில்லை என்கிறது இயந்திரம். பார்த்தால் வட்டு முழுக்க அவன் பாட்டு, அவனே கட்டி அவனே பாடியவை, பரீட்சைக்கு இருபது நாள் இருக்கையில். நான் அழிக்கவில்லை. வேண்டாத இரண்டு விளையாட்டுகளை எடுத்து இடம் பண்ணி, பாட்டையெல்லாம் பல்வகைக்குள் நகர்த்தி வைத்தேன், பரீட்சை முடிந்ததும் கொடுக்கலாம் என்றுதான். ஆனால் அவன் வந்து கேட்டபோது வாயில் வந்தது வேறு, "அழிச்சுட்டேன், போய்ப் படி." அவன் கத்தியிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். கத்தவில்லை, மைக்கை வயரோடு சுருட்டி டப்பாவில் வைத்தான், அவ்வளவுதான். பரீட்சை முடிந்தது, அவன் கேட்கவில்லை, கேட்காததை நான் ஏன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதம், ஒரு வருஷம், பிறகு வேலை, வெளியூர், பதினொரு வருஷம். வீட்டில் அவன் பாடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அரைமணி பேசுவான், என்னிடம் ஒரே கேள்வி, "கம்ப்யூட்டர் ஓடுதாப்பா?" ஓடுது. "சரிப்பா." அதற்கு மேல் இருவருக்கும் சொல் கிடையாது.

பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டால் முடிந்தது, நான் அன்று சொன்னது உண்மையாகிவிடும், பொய் சொன்னவன் என்ற பெயராவது எனக்கு இருக்காது... கை வயரில்தான் இருந்தது. சும்மா ஒருமுறை பார்ப்போம் என்று பத்தொன்பதைத் திறந்தேன். ரெக்கார்ட் ஒன்று, ரெக்கார்ட் இரண்டு என்று வெறும் எண்களாக நகர்த்தியது நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அங்கே எண்கள் இல்லை. 'தொண்டை கட்டினப்ப பாடினது.' 'மழை நாள்.' 'பாதியில சிரிச்சது.' 'நல்லா இருக்கு, ரெண்டாவது தடவை.' இது சமையலறை டப்பாக்களில் ஒட்டுகிற வாசகம், 'சீரகம், பழசு, முதல்ல இதை எடு' என்று எழுதுகிறவளின் கை. ஃபோல்டர் கடைசியாக மாறிய தேதி போன மாதம், நான் கண்ணாடி மாற்றப் போயிருந்த நாள். மெஷினை மாற்றலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் "இருக்கறது நல்லாத்தானே இருக்கு" என்று அவள் தடுத்தது...

மழை நாளை அழுத்தினேன். உடைகிற குரல், தாளத்துக்கு மேஜையில் தட்டுகிற விரல், நடுவில் "அம்மா, மைக்கை ஆட்டாத" என்று ஓர் அதட்டல், அவள் சிரிப்பு. பாட்டு மேலே போகிற இடத்தில் ஒரு ஸ்கூட்டர் சத்தம், கேட் திறக்கிறது, "அப்பா வந்துட்டாரு", சட்டென்று நின்றது. இன்னொன்று. அதுவும் ஸ்கூட்டரில் முடிந்தது. இன்னொன்றைத் தொட விரல் வரவில்லை.

பட்டியலில் பதினெட்டுக்கும் இருபதுக்கும் இடையில் நுணுக்கி எழுதினேன், பத்தொன்பது. நகல் ஓடத் தொடங்கியது, டக், டக், இன்னும் ஆறு நிமிடம் என்றது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"என்னங்க, பத்தொன்பது வந்துருச்சா?"

"வந்துக்கிட்டிருக்கு."

"ம்" என்றாள், நான் எதையோ கேட்பேன் என்று கொஞ்சம் நின்றாள். அவனுக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும், திரையில் நிமிடம் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்றால் நாளைக்கு நானே சொல்ல வேண்டும், அது கடினம்தான், ஒரு கடிதமாகவாவது எழுதிவிடலாம். தெரியும் என்றால்... தெரியும் என்றால், இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அவன் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது கம்ப்யூட்டரைப் பற்றித்தானா?