பத்தாம் நம்பரின் முட்டியும் மாப்பிள்ளையின் மணிக்கட்டும்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குகிறவரிடம் விற்பதில் எனக்கு ருசி கிடையாது.

ஒரு தையற்கடையில் கிடைத்தது. பேன்ட்டின் இடுப்பைப் பிரித்து அகலமாக்கக் கொடுத்திருந்தேன். (பேன்ட் சுருங்கிவிட்டது. அப்படியே வைத்துக்கொள்வோம்.) "அஞ்சு நிமிஷம் சார், திரைக்குள்ளயே நில்லுங்க" என்றார் கடைக்காரர். போட்டுப் பார்ப்பதற்காக மூலையில் திரை கட்டியிருந்த இடத்தில், அவர் கொடுத்த லைனிங் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் வெளியே சண்டை ஆரம்பித்தது.

ஆகவே இந்தக் கதையில் வரும் பேச்சு என் காது கேட்டது. முகம், பெருமூச்சு, மனசுக்குள் ஓடியது எல்லாம் நான் வைத்துத் தைத்தது. பிடிக்காவிட்டால் பிரித்துக்கொள்ளலாம். பேச்சில் மட்டும் கத்திரி வைக்காதீர்கள்.

2

தொடக்கம் எளிதில் அமையவில்லை. கழித்துக் கட்டிய துண்டுகளையும் காட்டிவிடுகிறேன்.

"மைதானம் முழுதும் ஒரே குரலாக எழுந்து பத்தாம் நம்பரின் பெயரை…"

நான் மைதானத்துக்குப் போனதே இல்லை. விட்டுவிட்டேன்.

"பத்தாம் நம்பர் தன் வீங்கிய முழங்காலைப் பார்த்தார். முழங்கால் அவரைப் பார்…"

முழங்கால் பார்க்காது. இதையும் விட்டேன்.

"தையற்கடைக்காரருக்கு அன்று இரண்டு கவலைகள். ஒன்றைப் பற்றி ஊரே பேசியது. மற்றதைப் பற்றி அவர் மூச்சுக்கூட விடவில்லை."

இது தேறும். இங்கிருந்து வெட்டலாம்.

3

ஊரே பேசிய கவலை, பத்தாம் நம்பர். போன பருவத்தில் அந்த ஊர்க் கால்பந்து கிளப்புக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த இடதுகால்காரர். இந்தப் பருவத்தில் முட்டி வலி என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பேட்டி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வேறொரு பெரிய கிளப் அவரைக் கேட்டிருக்கிறது என்று பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஒரு பெரிய பேனர் கட்ட வேண்டும். அதில் என்ன எழுதுவது என்பதுதான் வழக்கு. ரசிகர் மன்றத்தின் சார்பாக வந்தவர்கள் இருவர்: மருந்துக்கடைக்காரர், வேன் டிரைவர். "எங்களோட இரு" என்பது முன்னவர் கட்சி. "போயிடு" என்பது பின்னவர் கட்சி. எழுத்து குறைவு, தையல்கூலியும் குறைவு என்பது பின்னவரின் கூடுதல் வாதம்.

"முட்டியாவது மண்ணாங்கட்டியாவது!" என்றார் வேன் டிரைவர். "பெரிய கிளப்புக்காரன் வந்து பாத்துட்டுப் போனான். மறுவாரமே முட்டி வீங்குது. அது என்னய்யா முட்டி, ஆள் பாத்து வீங்குது?"

"உள்ள சவ்வு கிழிஞ்சிருக்கு. ஸ்கேனே வந்திருக்கு."

"நீ பாத்தியா?"

"போன்ல வந்துச்சு."

"எனக்கும் வந்துச்சு. அது யானையோட முட்டின்னு கீழ ஒருத்தன் போட்டிருந்தான்."

"யானைக்குச் சவ்வு கிழியாதா?"

இந்த இடத்தில் தையல் மிஷின் நின்றது. கடைக்காரர் எழுந்தார். (நாற்காலி கிறீச்சிட்டது, அதை வைத்துச் சொல்கிறேன்.)

"வலிய எப்படிய்யா அளப்ப? டேப் வெச்சா?" என்றார். "போன சீசன் பூரா ஊசியப் போட்டுப் போட்டு எறக்கி விட்டாங்க. ஓடினான். கோப்பை வந்துச்சு, கொண்டுபோய் ஷோகேஸ்ல வெச்சுட்டாங்க. அவன் ஆஸ்பத்திரில கிடந்தானே, அந்தக் கிளப்புல இருந்து ஒருத்தன், ஒரே ஒருத்தன், போய் 'எப்படிப்பா இருக்கே'ன்னு கேட்டானா? வலிக்காக எவனும் போறதில்ல. கேக்க ஆளில்லைன்னுதான் போறான்."

"விசுவாசம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"விசுவாசம் ஒரு பக்கம் மட்டும் நிக்காது. இந்தப் பக்கம் பட்டன் தெச்சா அந்தப் பக்கம் காஜா எடுக்கணும். வெறும் பட்டன தெச்சுட்டு, சட்டை ஏன் மூடலைன்னு சட்டையத் திட்டுவியா?"

திரைக்குள் நான் தலையாட்டினேன். கைதட்டியிருப்பேன், லைனிங் துணி வழவழப்பானது, ஒரு கை அதற்கே வேண்டியிருந்தது.

4

இப்போது பேசப்படாத கவலை. இங்கே ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் இருக்கிறது. அதை மறைத்து விற்க மாட்டேன்.

கடைக்காரரின் தங்கை கணவர்தான் அந்தக் கடையின் கட்டிங் மாஸ்டர். கடைக்காரர் தைப்பார், மாப்பிள்ளை வெட்டுவார். ஆள் உயரத்துக்கு எழுத்து வெட்டுவதென்றால் அவர் ஒருவரால்தான் முடியும். சாக்குக்கட்டியால் ஒரே இழுப்பு, பிறகு கத்திரி. மாப்பிள்ளை இடதுகைக்காரர்.

வீரருக்கு இடதுகால், மாப்பிள்ளைக்கு இடதுகை என்றதும் நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. என் கையிலும் முதலில் வலதுகைக்காரராகத்தான் வந்தார்.* ஆனால் அப்படி எழுதினால் கத்திரி விஷயம் நிற்காது.

[* பொய். முதலிலிருந்தே இடதுகைதான். பேரம் பேசும்போது ஒருபடி இறங்கி வந்ததுபோல் காட்டுவது குடும்பப் பழக்கம்.]

இடதுகைக்காரருக்கான கத்திரி தனி. அலகுகள் மாறி உட்கார்ந்திருக்கும். வலது கையில் பிடித்தால் துணியை வெட்டாது. மடித்து நடுவில் வைத்து மெல்லும். அவருடைய சாக்குக் கோடும் அப்படித்தான். மற்றவர்கள் இடப்பக்கத்திலிருந்து இழுத்தால் அவர் வலப்பக்கத்திலிருந்து இழுப்பார். தொடங்குகிற வலது முனையில் தடித்து, இடப்பக்கம் போகப் போக மெலியும்.

கத்திரி சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். யாரும் தொடுவதில்லை. அந்தக் கடையில் ஒரு வழக்கம்: ஆள் வராவிட்டாலும் கத்திரி ஆணியில் இருந்தால் அவர் கடை ஆள். கத்திரி வீட்டுக்குப் போய்விட்டால் ஆளும் போய்விட்டார். ராஜினாமா, காரணம் கேட்டல், கடைசிச் சாப்பாடு எதுவும் கிடையாது.

"எழுத்த யாரு வெட்டுறது? மாஸ்டர் எங்கே?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கை வலியாம்."

முட்டிக்கு அவ்வளவு வாதாடியவர் மணிக்கட்டை ஒரு 'யாம்' போட்டு முடித்துவிட்டார்.

"பாவம், எப்பலேர்ந்து?"

"எதிர்வரிசையில ஒருத்தன் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வெச்சுக் கடை தெறந்தான் பாருங்க, அப்பலேர்ந்து."

வேன் டிரைவர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "இதத்தானே நான் அப்பலேர்ந்து சொல்றேன்!"

"அது வேற. இது வேற."

"எப்படி வேற?"

எப்படி வேறு என்று கடைக்காரர் யோசித்திருக்க வேண்டும். யோசனை சரிப்பட்டு வராதபோது மனிதர்கள் எதையாவது செய்யத் தொடங்குவார்கள். அவர் ஆணியிலிருந்து கத்திரியை எடுத்தார். "ஊர்ல இல்லாத வித்தையா? நானே வெட்டுறேன்" என்று பேனர் துணியில் வைத்தார்.

வெட்டும் சத்தம் வரவில்லை. கன்றுக்குட்டி துணியை மெல்வதுபோல ஒரு சத்தம் வந்தது.

"இது 'எ'யா?" என்றார் மருந்துக்கடைக்காரர், வெகு மரியாதையாக.

5

(இந்தப் பகுதியில் தங்கையின் கல்யாணம் இருந்தது. கதைக்குப் பயன்படவில்லை, எடுத்துவிட்டேன். மாப்பிள்ளையைக் கடைக்காரர்தான் தேடிப்பிடித்தார், பெண் கொடுத்ததே அந்தக் கைக்காகத்தான் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்.)

6

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம்.

"வாம்மா" என்றார் கடைக்காரர். கத்திரி அவர் கையிலேயே இருந்தது.

"உட்கார நேரமில்லண்ணே. கத்திரிய வாங்கிட்டு வரச் சொன்னாரு."

மின்விசிறி சுற்றியது. அதுவரை அது சுற்றிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.

"எதுக்கு?"

"சாணை பிடிக்கவாம்."

"சாணைக்காரன் நம்ம வாசலுக்கே வருவானே."

"அதான் நானும் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

வேன் டிரைவர் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார். "நீயே சொல்லும்மா. பத்தாம் நம்பர் இருக்கணுமா, போகணுமா? உங்க அண்ணன் இப்பதான் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி பேசினாரு. ஆஸ்பத்திரில போய்ப் பாக்கக்கூட ஒருத்தன் இல்லையாம்!"

"கேட்டேன். தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு" என்றாள் தங்கை.

பிறகு சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் இந்தக் கதை எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புளி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"அண்ணே, கோப்பை வாங்கின மாசம் கொடி கொடின்னு ஊரே வந்து நின்னுச்சு. கித்தான் மாதிரி துணி. ராவும் பகலும் வெட்டினாரு. கை வீங்குதுன்னாரு. நீ தைலம் வாங்கிக் குடுத்து, 'இந்த லோடு மட்டும் முடிச்சிடு மாப்ளே'ன்னே. அவன் முட்டிக்கு ஊசி போட்டாங்க, இவரு கைக்கு நீ தைலம் போட்டே. இப்ப ராத்திரில தம்ளரத் தூக்க முடியல, நான்தான் பிடிச்சுக்கறேன். எதிர்க்கடைக்காரன் ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போனான். வேலைக்குக் கூப்பிட வந்தானோ என்னமோ, வந்தான். நம்ம வீடு இங்கேர்ந்து கூப்பிடு தூரம். நீ வந்தியா?"

வேன் டிரைவர் இருமினார். மருந்துக்கடைக்காரர் தொழில்முறையில் ஏதோ மாத்திரை பெயர் சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கடைக்காரர் என்ன நினைத்தார்? இங்கே நான் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன்: "அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல அறு…" வேண்டாம். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"கத்திரிய நீ தூக்க வேணாம். நானே கொண்டு வரேன்."

"நீ எதுக்கு வர்றே?"

மன்னிப்புக் கேட்க என்று சொல்லத் தெரிந்த குடும்பமாக இருந்தால் அந்தக் கடையே வேறு மாதிரி இருந்திருக்கும். கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்திருக்க வேண்டும். ஒரு சாக்கு வேண்டும். சாணையைப் போல ஒரு சாக்கு.

"இந்த சாரோட பேன்ட்டு. இடுப்புல எவ்வளவு விடலாம்னு மாப்ளகிட்ட ஒரு யோசனை கேக்கணும்."

இருபது விரற்கடை தூரத்தில், திரைக்குப் பின்னால், அந்த சார் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், அஞ்சு நிமிஷம்" என்று திரையைப் பார்த்து ஒரு குரல். செருப்புச் சத்தம் இரண்டு ஜோடி. என் பேன்ட்டும் கத்திரியும் தெருவில் இறங்கிப் போயின.

7

ஆக, முக்கியமான காட்சி நடந்த இடத்தில் நான் இல்லை. என் பேன்ட் இருந்தது. அதனால் முடிவுகளை எடுத்துப் போடுகிறேன். பாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை.

முதல் முடிவு: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேனரைப் பார்த்துப் பத்தாம் நம்பரும் அழுகிறார், முட்டி சரியாகிறது. இது சாயம் போகும். முதல் சலவையிலேயே.

இரண்டாவது: மாப்பிள்ளை எதிர்க்கடைக்குப் போகிறார். அதே நாளில் பத்தாம் நம்பரும் பெரிய கிளப்புக்குப் போகிறார். கச்சிதம்தான். ஆனால் தராசு இவ்வளவு நேராக நின்றால் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

மூன்றாவது: கடைக்காரர் வாசல் வரை போய், பேன்ட்டோடு திரும்பி…

இல்லை. இதற்குச் சாட்சி இருக்கிறது. உள்ளே போனார்.

8

அஞ்சு நிமிஷம் வெகு நேரம் நீடித்தது. அதற்குள் மன்றத்துக்காரர்கள் இருவரும் முட்டியை மறந்து, "அவரு பேசப்போறாரா, பேன்ட்டக் காட்டிட்டு வந்துடுவாரா?" என்று பந்தயம் கட்டினார்கள். இருவரும் பேன்ட் பக்கமே கட்டியதால் பந்தயம் கலைந்தது.

கடைக்காரர் வந்தார். மிஷின் கொஞ்சம் ஓடியது. திரையின் இடுக்கில் ஒரு கை பேன்ட்டை நீட்டியது.

இடுப்புப் பட்டையின் உட்புறத்தைப் பார்த்தேன். சாக்குக் கோடு இருந்தது. வலது முனையில் தடித்துத் தொடங்கி, இடப்பக்கம் வந்து, நடுங்கி, நடுவழியில் நின்றிருந்தது. நடிக்கிறவன் கை அப்படி நிற்காது. இடது முனையிலிருந்து இன்னொரு கோடு புறப்பட்டு, அதை நோக்கி வந்திருந்தது. வேறு கை. இரண்டும் நடுவில் சந்திக்கவில்லை. நகக்கண் அளவு துணி விட்டுப்போயிருந்தது.

அந்த இடத்தில் பேன்ட் இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. குறை சொல்ல மனம் வரவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, முதல் காரியமாக ஆணியைத் தேடினேன். மன்றத்துக்காரர்கள் பேனர் துணியைச் சுவர் முழுதும் மாட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆணி இருந்த இடமும் துணிக்குப் பின்னால் போய்விட்டது. மென்று போட்ட 'எ' ஒரு மூலையில் தொங்கியது. மற்றபடி துணி வெறுமையாக இருந்தது.

"என்ன எழுதலாம், சொல்லுங்க" என்று வேன் டிரைவர் கடைக்காரரிடம் கேட்டார். இந்த முறை தட்டிக் கேட்கவில்லை.

"அவனப் பத்தி எதுக்கு எங்கிட்ட கேக்கற? அவனப் போய்க் கேளு" என்றார் கடைக்காரர்.

ஆணி இருந்த இடத்தில் துணி லேசாகப் புடைத்திருந்தது. அது கத்திரியாக இருக்கலாம். வெறும் ஆணியாகவும் இருக்கலாம். ஆணிக்கும் அந்த அளவு புடைக்கத் தெரியும். துணியின் ஒரு முனை தரைக்கு அருகில், கைக்கு எட்டும்படி தொங்கியது. நான் தூக்கிப் பார்க்கவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

முனை இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. உங்கள் கை பக்கம். மெதுவாகத் தூக்குங்கள், அந்த மாதிரித் துணியை வெட்டித்தான் ஒரு மனிதரின் கை போயிருக்கிறது.