கை தூக்கியவர்

அப்பாவின் கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. மகள் தோளைத் தூக்கிப் பிடிக்க, அம்மா சட்டையை இழுத்துவிட்டாள். பொத்தான் போடுவதற்குள் வாசலில் கார் கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

கட்சிச் செயலாளர் வந்தார். பின்னால் இரண்டு பேர் ஆளுயர மாலையோடு. அப்பாவுக்குத் தேர்தலில் சீட் இல்லையென்று சொல்லிவிட்டுப் போன பிறகு, அவர் இந்தப் படியை மிதிப்பது இப்போதுதான்.

“அண்ணன் போயிட்டாரேம்மா...” என்று கண்ணைத் துடைத்தவர், துடைத்த கையோடு சொன்னார்: “வண்டி ரெடி. அவர் ஹெட்மாஸ்டரா இருந்த ஸ்கூல்ல கொஞ்ச நேரம் வைக்கிறோம். மேலிடத்துல சொல்லிட்டாங்க.”

“அது இப்ப குடோன் அங்கிள்,” என்றாள் மகள்.

“அதனால என்னம்மா, கட்டடம் அதேதானே?”

“ஆஸ்பத்திரியில பெட் கிடைக்கலன்னு உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணேன்?”

“மீட்டிங்ல இருந்திருப்பேன்மா.”

அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில், ஸ்ட்ரெச்சரிலேயே போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பள்ளிக்காக அவர் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளை பிடித்தவர். அந்தப் பேரில்தான் இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆனார். இரண்டாவது முறை, பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை மூடும் மசோதா வந்தது. பட்டியலில் அவருடைய பள்ளியும் இருந்தது. அவர் சபையில் அதற்கு ஆதரவாகக் கை தூக்கினார். கல்வி அமைச்சர் பதவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அதே பள்ளியில் டீச்சராக இருந்த அம்மாவைத் தொலைதூர ஊருக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும் வரை விடிவதற்கு முன்னே பஸ் ஏறினாள். ஏன் கை தூக்கினீர்கள் என்று ஒரு நாளும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

“கொண்டு போகட்டும்,” என்றாள் அம்மா. “அவருக்கு இதெல்லாம் பிடிக்கும்.”

பள்ளி வாசலில் ஒரு லாரி சிமெண்ட் மூட்டைகளோடு நின்றிருந்தது. உடலை வராந்தாவில் வைத்தார்கள். அம்மாவுக்கு வகுப்பறைக் கதவை ஒட்டி ஒரு நாற்காலி போட்டார்கள். செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏழைகளின் கல்விக்கண் திறந்த எங்கள் அண்ணன்...” என்று ஆரம்பித்தார். கூட்டமென்று பார்த்தால் கட்சிக்காரர்களும், வேலையை நிறுத்திவிட்டு நின்ற சுமைதூக்கிகளும்தான்.

அவர்களில் ஒருவன் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு கிட்டே வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். புருவமெல்லாம் சிமெண்ட் தூள்.

“டீச்சர், என்னை அடையாளம் தெரியுதா? பின்னால ஜன்னலோரம் உட்காருவேன்.”

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வாய்ப்பாடு சொல்லச் சொன்னா வயித்து வலின்னு ஓடுவியே, அவனா?”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. “ஒண்ணாவது சேர்க்க சார்தான் எங்கப்பாகிட்ட சண்டை போட்டு இழுத்துட்டு வந்தாரு. ஏழாவது படிக்கும்போது மூடிட்டாங்க. அடுத்த ஸ்கூல் ரொம்ப தூரம் டீச்சர். அப்படியே நின்னுட்டேன்.”

மைக்கில் செயலாளர் இன்னும் கல்விக்கண் திறந்துகொண்டிருந்தார்.

“எந்தப் பாவி மூடினானோ தெரியல,” என்றான் அவன். “சார் மட்டும் இங்கயே இருந்திருந்தா மூட விட்டிருப்பாரா?”

மகள் சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் கை அவள் முழங்கையைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது.

பேச்சு முடிந்தது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி காருக்கு நடந்தார். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

“டீச்சர்...” அவன் தயங்கினான். “மழை வர்ற மாதிரி இருக்கு. சிமெண்டு. நனைஞ்சா வீணாப் போயிடும். இந்த ரூமுக்குள்ள இறக்கட்டுமா?”

அம்மா எழுந்தாள். நாற்காலியைத் தானே தூக்கி, கதவை விட்டுத் தள்ளிப் போட்டாள்.