விழுந்தவளின் பெயர்

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் புத்தகத்தின்படி இடுப்பு உடைந்தது கோமளாவுக்கு. வயது இருபத்து நாலு. மலாக்கா பெரியாஸ்பத்திரிப் புத்தகத்தின்படி அதே நாளில், அதே இடுப்பு, முத்தாயிக்கு உடைந்தது. வயது ஐம்பத்தேழு. கோமளாவோ சில நாள் கழித்து, இடுப்புக்கு ஒரு குறையும் இல்லாமல், அதில் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, மெர்லிமாவ் கடைத்தெருவில் தொழிற்சங்க ஆபீஸ் படியேறிக்கொண்டிருந்தாள். ஏறும்போதே அவளுக்கு அலுத்துவிட்டது. குழந்தை வேறு வழியெல்லாம் அழுதிருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. புதுக்காட்டு ரப்பர்த் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோமளாவின் புருஷன் வீராசாமி மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். அவன் போனபிறகு லயத்து வீடு அவள் பேரில்தான் நின்றது. பெரட்டுக்குப் போய்க் கிராணி பேர் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று சொல்ல ஒரு ஆள் இருக்கும்வரைதான் வீடு. பேறுகால லீவு முடிந்த மறுநாளே கோமளாவுக்குக் காய்ச்சல் கண்டது. டிரசர் இரண்டே நாளைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். காய்ச்சலுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை, அது பதினைந்து நாள் இருந்தது. எனவே மூன்றாம் நாள் காலையில் மாமியார் முத்தாயி மருமகளின் உளியையும் வாளிகளையும் எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். வயதாகிவிட்டதென்று அவள் பேரை வெட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிராணி தங்கராஜு "கோமளா" என்று கூப்பிட்டார். முத்தாயி "இருக்கேன்" என்றாள். கிராணி நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்து எழுதினார். ஆளுக்குப் பதில் ஆள் நிற்பது தோட்டத்தில் பழகிப்போன விஷயம். மரத்தில் பால் வந்தால் சரி, யார் கை வெட்டினால் என்ன?

ஒன்பது நாள் இப்படி ஓடியது. பத்தாம் நாள் பாலை ஊற்ற ஸ்டோருக்குள் இரண்டு வாளியோடு போனவள், கழுவிவிட்ட சிமிட்டித் தரையில், உடைந்துபோன படியில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். அந்தப் படியைச் சரிபண்ணச் சொல்லிப் பெண்கள் தீபாவளியிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். தூக்கிக்கொண்டு போனவர்களிடம் டிரசர் பேர் கேட்டார். அன்றைய பெரட்டில் என்ன பேரோ அதையே சொல்லித் தொலைத்தார்கள். மலாக்காவில் ஐசி கேட்டார்கள். ஐசியில் முத்தாயியின் படமும் முத்தாயியின் பேரும்தான் இருந்தன.

சங்க ஆபீசில் இருந்த காளிதாஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருமலும் பழைய கண்ணாடியுமாக இருந்த அந்த மனிதர் இதே கதையை வேறு பேர்களில் பலமுறை கேட்டிருப்பார் போலிருந்தது.

"சட்டம் நல்ல சட்டந்தான் தங்கச்சி," என்றார். "வேலையில விழுந்தா நஷ்டஈடு உண்டு. மொதல்ல வேலை கொடுத்தவங்களுக்குச் சொல்லணும். வாயால சொன்னாலும் போதும், எழுத்துல கொடுத்தா நல்லது. அப்புறம் டாக்டர் கடுதாசி. அப்புறம் பாத்தவங்க ரெண்டு பேரு சாட்சி. தோட்டத்துக்காரங்க லேபர் ஆபீசுக்கு எழுதணும். அவங்க எழுதலன்னா நாம எழுதலாம். வெசாரணைக்கு வருவாங்க."

"கிராணிகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேண்ணே."

"என்ன சொன்னாரு?"

"கோமளா விழலியே, முத்தாயி நம்ம ஆளே இல்லியே, நான் யாருன்னு எழுதுறதுன்னு கேட்டாரு."

"சாட்சி?"

பார்த்தவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு வீட்டிலும் யாருக்காகவோ யாரோ ஒருநாளாவது பெரட்டில் நின்றிருக்கிறார்கள். கோமளா கதவைத் தட்டியபோது ஒருத்திக்கு அடுப்பில் வேலை இருந்தது, ஒருத்திக்குத் தலைவலி இருந்தது. அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் அவளுக்கும் தலைவலி வந்திருக்கும்.

"சூசாலா, கஷ்டந்தான்," என்றார் காளிதாஸ். இருந்தாலும் தாளை எடுத்து, ஸ்டோரில் வேலைநேரத்தில் முத்தாயி வழுக்கி விழுந்தாள் என்று லேபர் ஆபீசுக்கு எழுதினார். எழுதியதை இருமுறை படித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். கோமளா குழந்தையை லயத்து ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மறுபடியும் மரம் வெட்டப் போனாள். முத்தாயியைப் பெரியாஸ்பத்திரியில் காலைக் கட்டித் தொங்கவிட்டு ஏழு வாரம் வைத்திருந்து லாரியில் திருப்பி அனுப்பினார்கள். வந்தவள் நேராக நிற்கவில்லை. ஒரு கால் குட்டையாகிவிட்டது. பாயில் கிடந்தபடியே அரிசி பொறுக்கினாள், குழந்தைக்குத் தூளி ஆட்டினாள், மருமகள் வைத்த குழம்பில் குற்றம் கண்டுபிடித்தாள். வெளிக்குப் போகத் தூக்க வேண்டியிருந்தது. அந்த நேரங்களில் மட்டும் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். கோமளாவுக்கு அந்த மௌனந்தான் தாங்கவில்லை.

பதில் வந்தது என்று காளிதாஸ் சொல்லியனுப்பினார். பஸ் பிடித்து மெர்லிமாவுக்குப் போனாள். தோட்டத்து ஆபீசிலிருந்து லேபர் ஆபீசுக்கு எழுதிய கடிதத்தின் நகல் அவர் கையில் இருந்தது.

"முத்தாயிங்கிறவ தோட்டத்துல வேலை செய்யிறவ இல்லியாம். ஒறைஞ்ச கட்டிப்பாலத் திருட ஸ்டோருக்குள்ள வந்து விழுந்தாளாம்."

முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டியவள் முத்தாயி. கைநகத்தில் ஒட்டிய பாலைக்கூடச் சுரண்டி வாளியில் போடுகிற பைத்தியக்காரி என்று வீராசாமி கேலி செய்வான்.

"அத்தைக்கு இது தெரிய வேணாம்ணே," என்றாள்.

திரும்பும்போது வழக்கம்போலத் தோட்டத்து வாசலில் நிறுத்தினார்கள். அவசரகாலம் வந்து எட்டு வருஷம் ஆகியும் அந்த முள்வேலி போகவில்லை. காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று, மரம் வெட்டப் போகும் பெண்களின் வாளிக்குள்ளும் சேலை மடிப்புக்குள்ளும் தினமும் துழாவுகிற வாசல் அது. கைக்குழந்தையின் துணியைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். மேசையில் உட்கார்ந்திருந்த எஸ்.சி. என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், ஒரு மலாய்க்கார இளைஞன், அவளுடைய ஐசியை வாங்கி நம்பரைப் பெரிய புத்தகத்தில் எழுதிக்கொண்டான். தினமும் இருமுறை அவன் எழுதுவதை அவள் பார்த்திருக்கிறாள். அன்றுதான் அந்தப் பேனாவை உற்றுப் பார்த்தாள்.

பெரட்டில் யார் பேருக்கும் யாரும் நிற்கலாம். இந்த வாசலில் முடியாது. இங்கே முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்த்துத்தான் விடுவார்கள். அந்தப் பத்து நாளும் விடியற்காலையில் இந்தப் புத்தகத்தில் ஏறியது முத்தாயியின் நம்பர். காலையில் வாளியோடு, மற்ற பெண்களோடு வரிசையில் போனவள் திருட வந்தவளாக எப்படி இருக்க முடியும்?

சந்தோஷப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வாசலைத் தாண்டிப் பத்தடி நடப்பதற்குள் சந்தோஷம் தீர்ந்துபோனது. முத்தாயி வேலைக்குப் போனாள் என்று சொல்கிற அதே புத்தகம், அந்தப் பத்து நாளும் கோமளா வேலைக்குப் போகவில்லை என்றும் சொல்லும். பத்து நாள் வராதவள் பேரை வெட்டலாம். பேரை வெட்டினால் வீடு போகும். கிராணி அதைச் செய்யாமல் விடமாட்டார், விட்டால் அவர் வேலை போகும்.

மாமியாரிடம் சொன்னாள். திருட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. முத்தாயி அரிசித்தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புத்தகத்தப் பத்தி வாயத் தொறந்தே, நான் செத்ததா நெனச்சுக்க."

"உங்க இடுப்புக்கு யாரு பதில் சொல்றது அத்தே?"

"என் இடுப்பு போச்சு. ஒன் பேராவது இருக்கட்டும். புள்ளைய எங்க கொண்டு போயிப் போடுவ? பாசார்லயா?"

கோமளா வாதாடவில்லை. வாதாடத் தெம்பும் இல்லை. கிராணியும் ஒருநாள் வீட்டு வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனார். "இந்தா பாரு கோமளா, நான் ஒனக்குக் கெட்டது நெனைக்கல. வெசாரணையில சும்மா நில்லு. ஒன் பேரு அப்படியே இருக்கும். கெழவிக்கு நான் ஏதாச்சும் பாக்குறேன்." அவர் முகத்திலும் தூக்கம் இல்லாத களைப்பு தெரிந்தது. அதுவரை அவரைத் திட்ட முடிந்தவளுக்கு அன்றைக்குத் திட்டக்கூட முடியாமல் போயிற்று.

ஆடி மாதக் கடைசியில் மலாக்காவிலிருந்து லேபர் துரை வந்தார். தோட்டத்து ஆபீசில் மேசை போட்டு விசாரணை நடந்தது. முத்தாயியை நாற்காலியோடு தூக்கிவந்து வைத்தார்கள். காளிதாஸ் ஒருபுறம், கிராணி ஒருபுறம். கோமளா குழந்தையோடு சுவரோரம் நின்றாள். துரை வெள்ளைக்காரர். இந்தியாவில் இருந்து தமிழ் படித்தவராம். படித்த தமிழை ஒரு சொல் சிந்தாமல் பேசினார்.

கிராணி கடிதத்தில் இருந்ததையே சொன்னார். சொல்லும்போது முத்தாயி பக்கம் பார்க்கவில்லை. கட்டிப்பால், திருட்டு என்ற சொற்கள் காதில் விழுந்ததும் முத்தாயியின் கை நாற்காலிச் சட்டத்தை இறுகப் பிடித்தது.

துரை திரும்பினார். "அம்மா, நீங்கள் அன்று எதற்காக ஸ்டோருக்குள் சென்றீர்கள்? திருடுவதற்கா?"

முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு துரை முத்தாயியை 'நீங்கள்' என்று கூப்பிட்டது அதுவே முதல்தடவை. அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மருமகளை, அவள் தோளில் தூங்கும் குழந்தையைப் பார்த்தாள்.

"ஆமாங்க தொரை," என்றாள். "திருடத்தான் வந்தேன்."

கிராணி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். துரை பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க!" என்றாள் கோமளா. குழந்தை விழித்து அழத் தொடங்கியது. "பொய்ங்க தொரை. எனக்குக் காய்ச்சல். பத்து நாள் என் பேர்ல அவங்கதான் பெரட்டுக்குப் போனாங்க. நான் வேலைக்கு வரல. வாசல் கேட்டுல இருக்கிற புத்தகத்தக் கொண்டாரச் சொல்லுங்க. எங்க ரெண்டு பேரு நம்பரையும் பாருங்க."

"அடிப்பாவி," என்றாள் முத்தாயி.

புத்தகம் வந்தது. எஸ்.சி. நம்பர்களைப் படித்தான். பத்து நாள், பத்துமுறை, முத்தாயி. துரை தேதிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். வாளி தூக்கிய ஆளிடம் பாலை நிறுத்து வாங்கிக்கொண்டவர்கள் அவளைத் தொழிலாளி இல்லை என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கோமளாவின் பேரைப் பற்றிக் காளிதாஸ் கேட்டதற்கு, அது தோட்டத்து நிர்வாகத்தின் விஷயம், தம்மால் இயலாது, வருந்துகிறேன் என்றார். உண்மையிலேயே வருந்தியதுபோல்தான் இருந்தது.

மறுவாரம் பேர் வெட்டப்பட்டது. வீட்டைக் காலிபண்ணப் பத்து நாள் கொடுத்தார்கள். மெர்லிமாவில் ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் அறையொன்றும், அதே கடையில் துணி தேய்க்கிற வேலையும் காளிதாஸ் பார்த்துக் கொடுத்தார். அத்தனை நாளும் முத்தாயி மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையிடம் மட்டும் பேசினாள், ஒங்கம்மா கூறுகெட்டவ என்று.

பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்த அன்று காளிதாஸ் லேபர் ஆபீஸின் நஷ்டஈட்டு உத்தரவோடு வந்தார். இங்கிலீஷில் இருந்ததற்கு அடியில் தமிழில் எழுதியிருந்தார். முத்தாயி கைநாட்டு வைக்க வேண்டும். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். கேட்டது கோமளாவை.

கோமளா தாளை வாங்கினாள். "முத்தாயி, வயது ஐம்பத்தேழு, புதுக்காட்டுத் தோட்டம். பால்மரத் தொழிலாளி. வேலை செய்யும்போது விழுந்து இடுப்பு முறிந்தவர்."

"திருடின்னு எங்கயும் போடலியே?"

"இல்ல அத்தே."

முத்தாயி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னொரு வாட்டி படி," என்றாள்.