கடைசி யாருங்க?

நாற்காலிகளை மறுபடி அடுக்கி வைத்துவிடலாமா என்று மகள் யோசித்துக்கொண்டிருந்தாள். தம்பி ஒரு வண்டி நிறைய இறக்கியிருந்தான். உட்கார்ந்திருந்ததோ பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். வேலைக்காலம் முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கண்டக்டர் அப்பா, கூடத்தில் ஒருவழியாகக் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"யாருமே வரலையேடா."

"வருவாங்கக்கா."

"யாரு வருவா? கடைசிக் காலமெல்லாம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பெஞ்சே கதின்னு கிடந்தாரு."

அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. சர்க்கரைக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள், மூச்சுக்கு ஒரு நாள் என்று வாரம் முழுக்கப் போய்வந்தார். கூடப் போக அவளுக்கு வேலை ஒழியவில்லை. அந்த வரிசையில் தனியாக உட்கார வைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஒருதரம் வற்புறுத்தி, ஏசி போட்ட தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "உட்காரக்கூட விடலம்மா. போனதுமே கூப்பிட்டுட்டாங்க!"

வாசலில் ஆட்டோக்கள் வந்து நின்றன. கைத்தடியோடு ஒருவர், கால் கட்டோடு ஒருவர், இருமிக்கொண்டே இருவர் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முதலில் வந்த ஒரு தையல்காரம்மா பழக்கதோஷத்தில் கேட்டாள்.

"கடைசி யாருங்க?"

பக்கத்து வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்து, கையைத் தூக்கினார்.

"அப்ப உங்களுக்கு அப்புறம் நான்."

பின்னால் வந்தவர்களும் அப்படியே கேட்டுக் கேட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் அப்பாவைப் பார்க்க எழுந்தால், மற்றவர்கள் ஒரு நாற்காலி நகர்ந்தார்கள். தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினான்.

"உங்கப்பா போட்ட சட்டம்மா இது," என்றாள் தையல்காரம்மா. "முன்னெல்லாம் ஆஸ்பத்திரியில ஒரே தள்ளுமுள்ளு. 'வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு'ன்னு அவர்தான் அதட்டி உட்கார வச்சாரு. நேத்து நர்ஸம்மா வந்து அவர் போயிட்டாருன்னு சொன்னதும் பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்னுச்சு."

"பாவம், தினமும் காத்திருந்தாரே," என்றாள் மகள்.

"தினமுமா?" கடைசியில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் ஒருவர் கேட்டார். "அவருக்குத் திங்கக்கிழமை மட்டும்தானேம்மா. மத்த நாளெல்லாம் எங்களைப் பாக்கத்தான் வருவாரு. புதுசா யாராவது முழிச்சுக்கிட்டு நின்னா, டாக்டர் முன்னாடி உட்கார வச்சுட்டுத்தான் மறுவேலை."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்கு ஒரு நாளாம், மூச்சுக்கு ஒரு நாளாம்! திருட்டு அப்பா. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும்.

"அக்கா, சுடுகாட்டு வண்டி வந்துடுச்சு," என்றான் தம்பி. "நீ முதல்ல போய் அப்பா முகத்தைப் பாத்துக்க."

இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி நாற்காலிகளின் கடைக்கோடிக்கு நடந்தாள்.

"கடைசி யாருங்க?"

பெயிண்டர் கையைத் தூக்கினார். "எனக்கு அப்புறம் நீங்கம்மா."

அவள் உட்கார்ந்தாள். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். வரிசை ஒரு நாற்காலி நகர்ந்தது.